சொகுசு வீடு வாடகைக்கு: வீடு பார்ப்பது முதல் முன்பணம் திரும்புவது வரை

சாதாரண வீட்டில் பழுதாகக்கூடியவை குறைவு: குழாய், விசிறி, மோட்டார், சுவிட்ச். நகரின் வசதியான பகுதியில் இருக்கும் சொகுசு வீட்டில் அந்தப் பட்டியல் நீண்டது. கூரைக்குள் ஓடும் டக்ட் ஏசி, தண்ணீர் அழுத்தம் கூட்டும் பம்பு, ஜெனரேட்டர், கடினநீரை மென்னீராக்கும் வாட்டர் சாஃப்ட்னர், மோட்டாரில் இயங்கும் திரைச்சீலை, பூட்டு, கேமரா போன்றவற்றைக் கைபேசியில் இயக்கும் ஆட்டோமேஷன், நீச்சல்குளம், சில வீடுகளில் தனி லிஃப்ட். இவற்றில் ஏதாவது ஒன்று எப்போதாவது நின்றுபோகும். அப்போது யாரைக் கூப்பிடுவது, யார் பணம் கொடுப்பது, எத்தனை நாளில் சரிசெய்ய வேண்டும் என்ற மூன்றுக்கும் எழுத்தில் பதில் இருக்க வேண்டும். வாடகையில் பெரும்பகுதி இந்த வசதிகளுக்காகவே போகிறது. ஆகவே ஒவ்வொரு வசதியும் ஓடுகிறதா என்று கையால் சோதிப்பதும், அதன் பொறுப்பை ஒப்பந்தத்தில் பெயர் சொல்லி எழுதுவதும்தான் இந்த வழிகாட்டி முழுக்க வரும் வேலை.

வாடகைச் சட்டம் ஊருக்கு ஊர் மாறும். முன்பண வரம்பு, பதிவு, காலி செய்யச் சொல்லும் முறை ஆகியவற்றை அந்த ஊர் வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டிக்கொள்ளுங்கள். மற்றவை எங்கும் பொருந்தும்.

1. மாதச் செலவைப் போட்டுப் பாருங்கள்

விளம்பரத்தில் இருக்கும் வாடகை, மாதச் செலவின் ஒரு பகுதி மட்டுமே. அதன் மேல் கட்டடப் பராமரிப்புக் கட்டணம், கிளப் அல்லது ஜிம் கட்டணம், கூடுதல் கார் பார்க்கிங், ஜெனரேட்டர் யூனிட்டுக்குத் தனி விலை, தோட்டம், நீச்சல்குளம், வீட்டுப் பொருள் காப்பீடு எல்லாம் ஏறும். கட்டடத்துக்கே பொதுவான குளிர்நீர் ஏசி இருந்தால், ஏசியைத் தொடாத மாதத்திலும் ஒரு நிலைக் கட்டணம் வரலாம். இவற்றில் எது வாடகைக்குள் அடங்கும், எது வெளியே என்று முதல் தொலைபேசி உரையாடலிலேயே கேட்டுவிடுங்கள்.

மின்சாரம்தான் பலரையும் முதல் மாதத்தில் அதிரவைப்பது. ஒரு டன் ஏசி சுமார் 3.5 கிலோவாட் குளிர்ச்சி தரும். அதற்கு ஏறத்தாழ 1.1 கிலோவாட் மின்சாரம் எடுக்கும். வீடு முழுக்க 10 டன் இருக்கிறது, தினமும் 8 மணி நேரம் ஓடுகிறது, கம்ப்ரசர் அதில் 60 சதவீத நேரம் இயங்குகிறது என்று வையுங்கள். 10 × 1.1 × 8 × 0.6 என்றால் நாளுக்கு 53 யூனிட் அளவில் வரும். மாதம் 1,600 யூனிட்டை நெருங்கும். இது ஏசிக்கு மட்டும். கடந்த 12 மாத மின்கட்டண ரசீதைக் கேளுங்கள். வீடு காலியாகக் கிடந்திருந்தால் அந்த ரசீது பயன்படாது. அதே அமைப்பில் ஆள் இருக்கும் இன்னொரு தளத்தின் பயன்பாட்டைக் கேட்டறிவது மேல்.

குடிபோகும் நாளுக்குள் கையில் இருக்க வேண்டிய தொகையைத் தனியாக எழுதிக்கொள்ளுங்கள்: முன்பணம், முதல் மாத வாடகை, புரோக்கர் கட்டணம், ஒப்பந்தப் பதிவுச் செலவு, சாமான் ஏற்றி இறக்கும் செலவு. பெரிய ஜன்னல் உள்ள வீட்டுக்குத் திரைச்சீலையையும் இதில் சேர்க்க வேண்டும். 5 மீட்டர் அகலமும் 3 மீட்டர் உயரமும் உள்ள ஒரு கண்ணாடிச் சுவருக்கு, மடிப்பு நன்றாக விழ அகலத்தைப் போல இரு மடங்கு துணி தேவை. துணி ரோல் 1.37 மீட்டர் அகலம் என்றால் 8 பட்டைகள். ஓரம் மடிக்க இடம் விட்டு ஒரு பட்டைக்கு 3.3 மீட்டர் வைத்தால் 26 மீட்டருக்கு மேல் போகும். ஒரே ஒரு ஜன்னலுக்கு இவ்வளவு. திரைச்சீலையோடு வரும் வீட்டுக்கு வாடகை கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் கணக்கில் அது மலிவாகிவிடலாம்.

2. தெருவை மூன்று நேரத்தில் பாருங்கள்

காலை பள்ளி நேரம், வேலை நாள் மாலை, வார இறுதி இரவு. இந்த மூன்றிலும் அந்தத் தெருவில் அரை மணி நேரம் நின்றால் போதும். உயர்தரப் பகுதிகளுக்கென்றே சில தொல்லைகள் உண்டு. கீழ்த்தளத்தில் உணவகமோ பாரோ இருந்தால் நள்ளிரவு வரை கார் கதவுச் சத்தம் கேட்கும், சமையல் புகை மேலே வரும். தூதரகம், முக்கியஸ்தர் வீடு அருகில் இருந்தால் பாதுகாப்புச் சோதனை, திடீர் சாலைத் தடை. விருந்தினர் கார் நிறுத்த இடமே இல்லாத தெருக்களும் நிறைய.

உறங்கும் அறைக்குள் இரவில் 30 டெசிபல் அளவைத் தாண்டாமல் இருப்பது நல்லது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். கைபேசிச் செயலி துல்லியமாக அளக்காது. ஆனாலும் ஜன்னலை மூடியும் திறந்தும் அளந்து இரண்டு வீடுகளை ஒப்பிட உதவும்.

பக்கத்தில் காலி மனையோ, இடிக்கக் காத்திருக்கும் பழைய பங்களாவோ இருக்கிறதா? இருந்தால் உள்ளாட்சி அலுவலகத்தில் கட்டட அனுமதி வாங்கப்பட்டிருக்கிறதா என்று விசாரியுங்கள். இரண்டு ஆண்டு வாடகைக் காலம் முழுவதும் அடுத்த மனையில் கட்டுமானம் நடந்தால், பால்கனியும் காட்சியும் இருந்தும் பயனில்லை. இந்த ஒரு விசாரிப்பைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள்.

3. பரப்பளவும் புரோக்கரும்

விளம்பரத்தில் சொல்லும் சதுர அடியில் சுவரின் தடிமன், பால்கனி, சில ஊர்களில் லாபி, படிக்கட்டில் ஒரு பங்கு வரை சேர்ந்திருக்கும். சுவருக்குள் கால் வைத்து நடக்கக்கூடிய பரப்பு எவ்வளவு என்று கேளுங்கள். லேசர் அளவியோடு போனால் பத்து நிமிடத்தில் நீங்களே அளந்துவிடலாம். ஒரு சதுர மீட்டர் 10.76 சதுர அடி. அப்படிக் கிடைக்கும் பரப்பால் மொத்த மாதச் செலவை வகுத்து வீடுகளை ஒப்பிட்டால், குறைந்த வாடகையாகத் தெரிந்த வீடு விலை கூடியதாக மாறுவது அடிக்கடி நடக்கும்.

புரோக்கர் யாருக்காக வேலை செய்கிறார், யாரிடம் கட்டணம் வாங்குகிறார், ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது மறுபடியும் கேட்பாரா என்பதை எழுத்தில் வாங்குங்கள். அந்தப் பகுதிச் சராசரியைவிட வாடகை கவர்ச்சியாகக் குறைந்திருந்தால், ‘உரிமையாளர் வெளிநாட்டில் இருக்கிறார், சாவியைக் கூரியரில் அனுப்புவார்’ என்றால், வீட்டைக் காட்டும் முன்பே டோக்கன் பணம் கேட்டால் விலகிவிடுங்கள். மோசடி விளம்பரங்களில் படங்கள் வேறு எங்கிருந்தாவது எடுக்கப்பட்டிருக்கும். படத்தை வைத்து இணையத்தில் தேடினால் பல நேரம் பிடிபடும்.

4. இரண்டாவது தடவை பார்க்கும்போது சோதனை

முதல் தடவை வீடு பிடிக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இரண்டாவது தடவைக்குக் குறைந்தது இரண்டு மணி நேரம் கேட்டு வாங்கி, கட்டடத்தின் பராமரிப்பு ஆள் ஒருவரையும் உடன் வரச் சொல்லுங்கள். 10 லிட்டர் வாளி, லேசர் அளவி, சின்ன வெப்பமானி, போன் சார்ஜர் இவை கையில் இருக்கட்டும். ஏசியை எல்லா அறையிலும் போட்டுவிட்டு மற்ற வேலையைத் தொடங்குங்கள்.

*தண்ணீர்.* ஷவரைத் திறந்து வாளி நிரம்பும் நேரத்தை எண்ணுங்கள். 60 வினாடியில் நிரம்பினால் நிமிடத்துக்கு 10 லிட்டர்; சாதாரண ஷவருக்கு அது போதும். தலைக்கு மேல் அகலமாக இருக்கும் ரெயின் ஷவருக்கு 12 முதல் 20 லிட்டர் வரை தேவைப்படும். பின் இரண்டு குளியலறையிலும் ஒரே நேரத்தில் திறந்து மறுபடி பாருங்கள்.

மேல்தள வீடு எடுப்பவர்கள் இதில் கூடுதல் கவனம் எடுக்க வேண்டும். 10 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும் தண்ணீர் ஒரு பார் அழுத்தம் தரும். மொட்டைமாடித் தொட்டிக்கு நேர் கீழே உள்ள பென்ட்ஹவுஸில் அந்த உயரம் மூன்று, நான்கு மீட்டர்தான், அழுத்தம் 0.3, 0.4 பார். கட்டடத்திலேயே அதிக வாடகை உள்ள வீட்டுக்குத்தான் தண்ணீர் மெதுவாக வரும், அழுத்தப் பம்பு இல்லையென்றால். பம்பு இருந்தால், மின்தடையின்போதும் அது ஓடுமா என்று கேளுங்கள்.

பாத்டப் இருக்கிறதா? சுடுநீர்க் கணக்கைப் போடுங்கள். 200 லிட்டர் டப்பை 40 டிகிரி செல்சியஸில் நிரப்ப வேண்டும். குழாய்த் தண்ணீர் 25 டிகிரி, கீசர் 60 டிகிரி என்றால் சுமார் 86 லிட்டர் கீசர் சுடுநீர் தேவை. 25 லிட்டர் கீசரால் அது முடியாது. 2 கிலோவாட் ஹீட்டர் அந்த 86 லிட்டரைச் சூடாக்க ஒன்றே முக்கால் மணி நேரம் எடுக்கும். கல்லில் குடைந்த அழகான டப் பலவும் துணி ஊறவைக்கவே பயன்படுவதற்கு இதுதான் காரணம்.

பல மாதம் பூட்டிக் கிடந்த வீட்டில் வேறொரு சிக்கல். குழாய்க்குள் தேங்கிய, 20 முதல் 45 டிகிரி வரையான வெதுவெதுப்பான தண்ணீரில் லெஜியோனெல்லா கிருமி பெருகும். ஷவரின் நுண்துளி வழியாக நுரையீரலுக்குள் போகும். குடியேறும் முன் எல்லாக் குழாயையும் பல நிமிடம் திறந்துவிட்டு, ஷவர் தலையைக் கழற்றிக் கழுவி, கீசரை 60 டிகிரியில் வைக்கச் சொல்லுங்கள். குளியலறையில் சாக்கடை வாடை அடித்தால் பெரும்பாலும் வடிகால் வளைவில் தண்ணீர் காய்ந்துபோயிருக்கும். ஒரு குவளை தண்ணீர் ஊற்றி ஒரு மணி நேரம் கழித்தும் வாடை இருந்தால் குழாய் இணைப்பில் கோளாறு.

*மின்சாரம்.* வீட்டுக்கு அனுமதிக்கப்பட்ட மின்சுமை எத்தனை கிலோவாட் என்று ரசீதில் பாருங்கள். 10 டன் ஏசி 11, மூன்று கீசர் 6, இண்டக்‌ஷன் அடுப்பு 7, மின்கார் சார்ஜர் 7.4. கூட்டினால் 31.4 கிலோவாட். அனுமதி 15 என்றால் எல்லாம் ஒன்றாக ஓடாது. மாலை நேரத்தில் மெயின் விழுந்துகொண்டே இருக்கும். சுமையைக் கூட்ட விண்ணப்பம், கட்டணம், சில சமயம் புதுக் கேபிள் வேண்டும். அது உரிமையாளர் பெயரில்தான் நடக்கும். மின்கார் சார்ஜர் வைக்க நினைப்பவர்கள் இதைக் கையெழுத்துக்கு முன்பே முடிக்க வேண்டும்.

‘ஃபுல் பேக்கப் இருக்கு’ என்பதை எண்ணாக மாற்றச் சொல்லுங்கள். வீட்டுக்கு 5 கே.வி.ஏ. (ஜெனரேட்டர் திறனைச் சொல்லும் அலகு) ஒதுக்கியிருந்தால், 0.8 பவர் ஃபேக்டரில் (அதில் உண்மையில் பயன்படும் பங்கு) அது 4 கிலோவாட். விளக்கு, விசிறி, ஃபிரிட்ஜ், ஒரு படுக்கையறை ஏசி, அவ்வளவுதான் தாங்கும். மெயினை அணைத்து ஜெனரேட்டர் வர எத்தனை வினாடி ஆகிறது, எது ஓடுகிறது, எது நிற்கிறது என்று நேரில் பாருங்கள். அப்படியே மின்கசிவுத் தடுப்பானில் உள்ள சோதனைப் பொத்தானை அழுத்துங்கள். உடனே விழ வேண்டும். விழாவிட்டால் அதை மாற்றாமல் குடிபோகக் கூடாது.

*ஏசி.* நீங்கள் போட்டுவிட்ட ஏசி இப்போது அரை மணி நேரத்துக்கு மேல் ஓடியிருக்கும். காற்றை உள்ளே இழுக்கும் வாயிலும் வெளியே தள்ளும் வாயிலும் வெப்பமானியை வையுங்கள். 8 முதல் 12 டிகிரி வித்தியாசம் இருந்தால் நல்ல நிலை. 5 டிகிரிதான் என்றால் வாயு குறைவு, அடைத்த ஃபில்டர், அல்லது டக்ட் கசிவு. ஃபால்ஸ் சீலிங்கில் மஞ்சள் வட்டக் கறை தெரிந்தால் வடிகால் தட்டு நிரம்பி ஒழுகியிருக்கிறது. உள்ளே பூஞ்சை இருக்கும். ஒரே வெளியலகு எல்லா அறைக்கும் சேர்த்துக் குளிரூட்டும் அமைப்பு என்றால், அது நின்றால் வீடு முழுக்க நிற்கும். கடைசி சர்வீஸ் ரசீதைக் கேளுங்கள்.

*ஈரம்.* ஒரு சுவரில் மட்டும் புதுப் பெயின்ட் அடித்திருந்தால் அதன் மறுபக்கம் குளியலறையா என்று பாருங்கள். வாட்ரோபின் பின்பலகை, ஜன்னல் மூலை, சிங்க்கின் அடிப்பகுதி ஆகிய இடங்களில் மூக்கை வைத்து முகர்வதே நல்ல சோதனை.

*தரையும் எடையும்.* மார்பிள் என்பது கால்சியம் கார்பனேட். எலுமிச்சைச் சாறு, வினிகர், ஒயின் பட்டால் பளபளப்பு அரிக்கப்பட்டு மங்கிய தழும்பு விழும்; துடைத்தால் போகாது. சமையல் மேடை மார்பிளா கிரானைட்டா என்று தெரிந்துகொள்வது முன்பணத்தைக் காக்கும். வீட்டுத் தளங்கள் பொதுவாகச் சதுர மீட்டருக்கு 150 முதல் 200 கிலோ வரையான சுமைக்கு வடிவமைக்கப்படுகின்றன. அரைச் சதுர மீட்டர் இடத்தில் 300 லிட்டர் மீன்தொட்டி வைத்தால் தண்ணீர் எடையே சதுர மீட்டருக்கு 600 கிலோ. பெரிய மீன்தொட்டி, பியானோ, ஜிம் சாதனம், இரும்புப் பெட்டகம் கொண்டுவருபவர்கள் கட்டடப் பொறியாளரிடம் இடம் கேட்டு, உரிமையாளரின் எழுத்து அனுமதியும் வாங்க வேண்டும்.

*மற்றவை விரைவாக.* ஒவ்வொரு பிளக்கிலும் சார்ஜரைச் செருகிப் பாருங்கள். வெப்பம் தடுக்கும் பூச்சுக் கண்ணாடி கைபேசி அலையையும் தடுக்கும்; படுக்கையறையில் நின்று ஓர் அழைப்பு போடுங்கள். சமையலறைச் சிம்னி புகையை வெளியே தள்ளுகிறதா, வடிகட்டி உள்ளேயே விடுகிறதா என்று கேளுங்கள். எண்ணெய், தாளிப்பு அதிகம் உள்ள சமையலுக்கு இரண்டாவது வகை ஒத்துவராது. உங்கள் காரையே ஓட்டிப் போய் பார்க்கிங்கில் நிறுத்துங்கள். சில அடுக்குப் பார்க்கிங் தட்டுகளில் உயர வரம்பு 1.55 மீட்டர்தான், எஸ்.யு.வி. நுழையாது, கனமான மின்கார் எடை வரம்பைத் தாண்டும். உங்கள் சோபா லிஃப்டுக்குள் போகுமா என்று கதவின் அகலத்தையும் லிஃப்டின் மூலைவிட்டத்தையும் அளந்துகொள்ளுங்கள்.

5. யார் உண்மையான உரிமையாளர்?

அரசுப் பதிவேட்டில் உரிமையாளர் பெயரைச் சரிபாருங்கள். இருவர் பெயரில் இருந்தால் இருவரும் கையெழுத்திட வேண்டும். நிறுவனத்தின் பெயரில் இருந்தால் கையெழுத்திடுபவருக்கு அதிகாரம் அளிக்கும் தீர்மானமும், பவர் ஏஜென்ட் என்றால் வாடகைக்கு விடவும் பணம் பெறவும் அந்தப் பத்திரம் இடம் தருகிறதா என்பதும் வேண்டும். வீட்டின் மீது வங்கிக் கடன் இருக்கிறதா, வாடகைக்கு விட வங்கியின் ஒப்புதல் தேவையா என்று கேட்கத் தயங்காதீர்கள். கடன் கட்டாமல் வங்கி வீட்டை எடுத்துக்கொண்டால், ஒப்புதல் இல்லாத வாடகைதாரர் நிலை பலவீனம். பராமரிப்புக் கட்டணம், சொத்துவரி பாக்கி இல்லை என்ற ரசீதும் முக்கியம். பாக்கி இருந்தால் அசோசியேஷன் நிறுத்துவது உங்கள் கிளப் அட்டையையும் பார்க்கிங்கையும்தான்.

எந்தத் தொகையும் உரிமையாளர் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்கு மட்டுமே போக வேண்டும்.

உங்களையும் அவர்கள் சோதிப்பார்கள். அடையாளச் சான்று, வருமானச் சான்று, சில மாத வங்கி அறிக்கை, முந்தைய வீட்டு உரிமையாளரின் கடிதம் எல்லாம் ஒரே கோப்பில் தயாராக இருந்தால், நல்ல வீடு கைக்கு எட்டும்போது இரண்டு நாள் வீணாகாது.

6. பேரம்

வீடு ஒரு மாதம் காலியாகக் கிடந்தால் உரிமையாளருக்கு ஆண்டு வருமானத்தில் 8.3 சதவீதம் போகிறது. எத்தனை நாளாகக் காலியாக இருக்கிறது என்று காவலாளியிடமோ பராமரிப்பு அலுவலகத்திலோ கேட்டுவிட்டுப் பேசுங்கள். உயர்வாடகை வீட்டுக்கு ஆள் கிடைப்பது மெதுவாகத்தான். ஆகவே இடம் இருக்கும்.

‘ஒரு மாதம் இலவசம்’ என்பது 24 மாத ஒப்பந்தத்தில் 4.2 சதவீதத் தள்ளுபடி. மாத வாடகையையே 5 சதவீதம் குறைத்தால் அதே காலத்தில் 1.2 மாத வாடகை மிச்சம். போதாததற்கு, அடுத்த ஆண்டு உயர்வும் குறைந்த தொகையின் மேல்தான் கணக்கிடப்படும். எனவே இலவச மாதத்தைவிட வாடகைக் குறைப்பையே கேளுங்கள். உயர்வு விகிதமும் அப்படித்தான். மாதம் 100 என்று தொடங்கினால், ஆண்டுக்கு 5 சதவீத உயர்வில் மூன்றாம் ஆண்டு 110.25, 8 சதவீதத்தில் 116.64. மூன்றாண்டில் சேரும் வித்தியாசம் ஒரு மாத வாடகையைத் தாண்டுகிறது.

பணம் குறைக்க மறுப்பவர்கள் பொருளில் இறங்கி வருவார்கள்: தரை பாலிஷ், ஆழ்ந்த சுத்தம், கூடுதல் பார்க்கிங், பழைய ஏசியை மாற்றுவது. கேட்டு வாங்கியதைத் தேதி போட்டு ஒப்பந்தத்தில் சேர்க்கவும். ‘நீங்க வந்ததும் பண்ணிக் கொடுத்துடறேன்’ என்ற சொல், சாவி கைமாறியதும் வலுவிழந்துவிடும்.

7. ஒப்பந்தத்தில் எழுத வேண்டியவை

முதலில் வசதிகளின் பட்டியல். நீச்சல்குளம், ஜிம், மொட்டைமாடி, இரண்டு பார்க்கிங் எண்கள், ஸ்டோர் ரூம், ஜெனரேட்டர் ஒதுக்கீடு, வீட்டுப் பணியாளர் அறை எல்லாமே பெயர், எண் சகிதம் இருக்க வேண்டும். எழுதாத வசதிக்கு வாடகை கொடுப்பீர்கள். உரிமை கோர முடியாது. பெரிய வசதி ஒன்று 15 நாளுக்கு மேல் இயங்காவிட்டால் வாடகையில் எவ்வளவு கழியும் என்பதும் அதனுடனேயே வரட்டும்.

அடுத்து பழுது. மூன்று அடுக்காகப் பிரித்தால் சண்டை வராது. பல்பு, ஃபில்டர், பேட்டரி போன்ற தீர்ந்துபோகும் பொருட்கள் உங்களுடையவை. கூரை, வெளிச்சுவர், குழாய், வயரிங், கம்ப்ரசர், பம்பு, கீசர், லிஃப்ட் மோட்டார் உரிமையாளருடையவை. நடுவில் உள்ள சிறு பழுதுகளுக்கு ஒரு தொகை வரம்பு. அதற்குள் நீங்கள், மேலே போனால் முழுத் தொகையும் அவர். ‘மேலே போனால் மிச்சத்தை மட்டும்’ என்று எழுதினால் ஒவ்வொரு ரசீதிலும் உங்கள் பங்கு இருக்கும். அந்தச் சொல்லைக் கவனியுங்கள். அவர் சரிசெய்யக் காலக்கெடுவும் எழுதுங்கள்: தண்ணீர், மின்சாரம், கதவுப் பூட்டு என்றால் 24 மணி நேரம், ஏசி என்றால் 3 நாள், மற்றவை 15 நாள். அதற்குள் செய்யாவிட்டால் நீங்களே செய்து வாடகையில் கழிக்கலாம் என்ற வரி இல்லாமல் இந்தக் காலக்கெடுவுக்கு உயிர் இல்லை. ஏசி, சாஃப்ட்னர், நீச்சல்குளப் பம்பு ஆகியவற்றின் ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் யார் பெயரில், யார் செலவில் என்பதும் தெளிவாகட்டும். வெளிநாட்டுச் சாதனத்துக்கு உதிரிபாகம் வர வாரக்கணக்கில் ஆகலாம் என்பதால் அதுவரை மாற்றுச் சாதனம் தர வேண்டும் என்று கேட்பது நியாயமானது.

லாக்-இன் காலத்தை இரு பக்கமும் பாருங்கள். நீங்கள் ஓராண்டு போகக் கூடாது என்றால், அவரும் அந்த ஓராண்டு காலி செய்யச் சொல்லக் கூடாது. வேலை மாறுதல், வெளிநாட்டு இடமாற்றம் வந்தால் இரண்டு மாத முன்னறிவிப்பில் விலகும் உரிமையைத் தனி வரியாகக் கேளுங்கள். நிறுவன வேலையில் இருப்பவர்களுக்கு இது பல மாத வாடகையைக் காக்கும். வீட்டை விற்றால் புதியவரும் இந்த ஒப்பந்தத்துக்குக் கட்டுப்பட வேண்டும், முன்பணம் அவர் பொறுப்புக்கு மாற வேண்டும். தீ, வெள்ளம், கட்டடக் குறைபாட்டால் வீட்டில் இருக்க முடியாமல் போனால் அன்றிலிருந்து வாடகை நிற்க வேண்டும்.

உரிமையாளரோ அவர் ஆளோ உள்ளே வர 24 மணி நேர முன்னறிவிப்பு, அவசரம் மட்டும் விலக்கு. செல்லப் பிராணி, வீட்டிலிருந்து தொழில், பணியாளர் தங்குவது, நீண்ட நாள் விருந்தினர், சுவரில் டிவி மாட்டத் துளையிடுவது ஆகியவற்றுக்கு உரிமையாளர் சரி என்றாலும் அசோசியேஷன் விதி தடுக்கலாம். அந்த விதிப் புத்தகத்தை வாங்கிப் படித்துவிட்டுத்தான் கையெழுத்து.

முன்பணம் பற்றிய பகுதியை அவசரமாகக் கடக்க வேண்டாம். எத்தனை நாளில் திரும்பும், தாமதித்தால் எவ்வளவு வட்டி, எதெதற்குக் கழிக்கலாம், கழித்தால் ரசீது தர வேண்டுமா, இந்த நான்கும் இருக்க வேண்டும். ‘சாதாரணத் தேய்மானம்’ என்று மட்டும் விடாமல் உதாரணத்தோடு எழுதுங்கள்: பெயின்ட் மங்குவது, தரையில் மெல்லிய கீறல், கைப்பிடி நிறம் போவது தேய்மானம், உடைந்த கண்ணாடி, மார்பிளில் அமிலத் தழும்பு சேதம்.

8. சாவி வாங்கும் நாள்

காலி வீட்டைப் பகல் வெளிச்சத்தில் அறை அறையாக வீடியோ எடுங்கள். கீறல் உள்ள இடத்தை அளவுகோல் வைத்துக் கிட்டத்தில் படம் எடுங்கள். சாதனங்களின் மாடல் எண், சீரியல் எண், ரிமோட், அணுகல் அட்டை, சாவி எண்ணிக்கை, மின்சார, தண்ணீர், எரிவாயு மீட்டர் அளவு எல்லாம் ஒரு பட்டியலில் ஏறி, இருவரும் கையெழுத்திட்டு, ஒப்பந்தத்தின் இணைப்பாக வேண்டும். குடியேறிய பிறகு 14 நாளுக்குள் தெரியவரும் குறைகளையும் சேர்க்கலாம் என்று ஒரு வரி போடுங்கள். சில கசிவுகள் ஒரு வாரம் புழங்கினால்தான் தெரியும்.

பூட்டின் சிலிண்டரை மாற்றுங்கள். அதைவிட முக்கியம் ஆட்டோமேஷன். கதவுப் பூட்டு, கேமரா, அலாரம், வைஃபை எல்லாவற்றிலும் பழைய பயனர்களை நீக்கி, ஃபேக்டரி ரீசெட் செய்து, நிர்வாகக் கணக்கு உங்கள் மின்னஞ்சலுக்கு மாறியிருக்க வேண்டும். உரிமையாளர் கைபேசியிலிருந்து வரவேற்பறைக் கேமராவைப் பார்க்க முடியும் நிலையில் யாரும் குடியிருக்கக் கூடாது. புகை அலாரத்தின் பின்பக்கத் தேதியையும் பாருங்கள். 10 ஆண்டு ஆனவற்றை மாற்ற வேண்டும்.

வீட்டின் காப்பீடு உரிமையாளருடையது. உங்கள் நகை, மின்னணுப் பொருட்கள், கம்பளம் அதில் வராது. பொருட்களுக்கும், உங்கள் குழாய் கசிந்து கீழ்வீட்டு ஃபால்ஸ் சீலிங் விழுந்தால் வரும் பொறுப்புக்கும் சேர்த்துத் தனிக் காப்பீடு எடுங்கள்.

9. குடியிருக்கும்போதும் கிளம்பும்போதும்

ஏசி ஃபில்டரை இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை கழுவுங்கள். நீச்சல்குளத்தில் பி.எச். (அமில, காரத் தன்மையின் அளவு) 7.2 முதல் 7.8, குளோரின் லிட்டருக்கு 1 முதல் 3 மில்லிகிராம் இருக்கட்டும். மார்பிளுக்கு நடுநிலையான சோப்பு மட்டும். ஒவ்வொரு பழுதையும் மின்னஞ்சலில் தெரிவியுங்கள். தொலைபேசியில் சொன்னதற்குச் சாட்சி இல்லை. சரிசெய்த ரசீதுகளை ஒரே இடத்தில் சேர்த்து வையுங்கள்.

கிளம்ப முடிவெடுத்தால் முன்னறிவிப்பை ஒப்பந்தத்தில் சொன்ன வழியிலேயே கொடுங்கள். பதிவுத் தபால் என்று இருந்தால் வாட்ஸ்அப் போதாது. காலி செய்ய ஒரு மாதம் இருக்கும்போது உரிமையாளரோடு ஒரு முன்சுற்று போய் என்னென்ன குறை சொல்கிறார் என்று கேட்டால், உங்கள் ஆளை வைத்துக் குறைந்த செலவில் சரிசெய்ய நேரம் இருக்கும்.

கடைசி நாளில் பழைய பட்டியலையும் வீடியோவையும் கையில் வைத்து அறை அறையாகச் சரிபாருங்கள். சேதமான பொருளுக்குப் புது விலை கேட்டால் வயதைக் கழிக்கச் சொல்லுங்கள்: 10 ஆண்டு உழைக்கும் கம்பளம் 6 ஆண்டு பழையது என்றால், அதை முழுக்கக் கெடுத்திருந்தாலும் நீங்கள் தர வேண்டியது புது விலையில் 40 சதவீதம். மீட்டர் அளவுகளைப் படமெடுத்து, இணைப்புகளை உங்கள் பெயரிலிருந்து மாற்றி, பராமரிப்பு பாக்கி இல்லை என்ற கடிதம் வாங்கி, ஆட்டோமேஷன் கணக்கில் உள்ள உங்கள் கைரேகை, முகப்பதிவு, கேமராப் பதிவுகளை அழித்துவிட்டு, சாவியைக் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒப்படையுங்கள். முன்பணம் திரும்பும் தேதி அந்தக் கையெழுத்துத் தாளிலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும்.